பகல் நிலாவும் இருநூற்றுப் பதினான்கு பேரும்

வேதநாயகி டீச்சர் ஆறு ஆண்டுகள் ஒரு பாடத்தைத் தவறாக நடத்தினார். ஏழாவது ஆண்டில்தான் அது தவறு என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததைச் செஞ்சியில் சிலர் பிடிவாதம் என்றார்கள், சிலர் கிறுக்கு என்றார்கள்.

அவர் பிறந்தது அவலூர்பேட்டையில். அப்பாவுக்குச் சந்தைத் தெருவில் நாட்டு மருந்துக் கடை. பெண் பத்தாவது முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்குப் போவேன் என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்றும், மூன்றாம் நாள் அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார் என்றும் அந்த வீட்டில் சொல்வார்கள். பயிற்சி முடிந்த கையோடு கல்யாணம். கணவர் தாண்டவராயன் செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த துவக்கப் பள்ளியில் வேதநாயகிக்கு வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் வகுப்பு அறிவியலில் பிறைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. புத்தகத்தில் நான்கே வரி. நிலா பூமியைச் சுற்றி வருகிறது, அதனால் வளர்பிறையும் தேய்பிறையும் உண்டாகின்றன என்பதோடு முடிந்துவிடும். எப்படி உண்டாகின்றன என்பது இல்லை. வேதநாயகி தன்னுடைய பயிற்சிக் காலத்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பூமியின் நிழல் நிலாவின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விழுவதால் தேய்கிறது, விலகுவதால் வளர்கிறது என்று அதில் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அங்கே பாடம் சொன்னவர் தவறாகச் சொன்னாரா, கேட்ட தான் கிரகணத்தையும் பிறையையும் கலந்து எழுதிக்கொண்டாரா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த நோட்டை வைத்து முதல் வருஷமே அவர் ஒரு படம் வரைந்தார். கெட்டி அட்டையில் ஆள் உயரத்துக்கு வரைந்த படம். மஞ்சளாகச் சூரியன், நீலமாகப் பூமி, பூமியின் பின்னால் கறுப்பாக நீளும் நிழல், அதற்குள் நுழைந்து வெளியே வரும் எட்டு நிலாக்கள். அறுபத்திரண்டில் கல்விப் பொருட்காட்சியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பள்ளி ஆய்வாளரே தம் கையால் கொடுத்தார். தலைமையாசிரியர் அரங்கநாதன் அதைச் சட்டம் போட்டுத் தம் அறையில் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். பக்கத்து ஊர் ஆசிரியர்கள் வந்து பார்த்து நகல் எடுத்துப் போனார்கள்.

அறுபத்தாறு தை மாதம். வழக்கம்போல அரிக்கேன் விளக்கைச் சூரியனாக வைத்து, இரண்டு பந்துகளைக் கையில் பிடித்து நிழல் விழுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். பவுனம்மாள் என்ற பெண் எழுந்து நின்றாள். செஞ்சிக் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில் அவளுக்கு வீடு. பதினோரு ஆடுகளை மேய்த்துக்கொண்டே பள்ளிக்கு வந்தவள் என்பதால் வாரத்தில் மூன்று நாள்தான் அவளைப் பார்க்க முடியும்.

"டீச்சர், நெழலு எந்தப் பக்கம் வுழும்?"

"சூரியனுக்கு எதிர்ப்பக்கம்."

"காலையில ஆடு ஓட்டிக்கினு போறப்ப நிலா இருக்குது டீச்சர். சூரியனும் இருக்குது. ரெண்டுமே வானத்துல இருக்குது. பூமி காலுக்குக் கீழ இருக்குது. அப்போ நடுவுல எப்படி வந்துச்சு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பகல்ல நிலாவாம்டா!" என்றான் ஒருவன்.

வேதநாயகிக்குப் பதில் வராதபோது வருகிற கோபம்தான் வந்தது. "பாடம் நடக்கச்சே குறுக்க குறுக்கப் பேசாத. உக்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அரிசி களையும்போதும் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும்போதும் அந்தக் கேள்வியே டீச்சரின் மனத்தில் ஓடியது. பூமி காலுக்குக் கீழே இருக்கிறது. சூரியன் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம், இரண்டும் தலைக்கு மேலே. நிழல் எந்த வழியாகப் போய் அதன்மேல் விழும்? கணவரிடம் கேட்டார். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த தாண்டவராயன், "எனக்குத் தெரிஞ்ச ஓட்டை இதுதான்" என்று ட்யூபைக் காட்டினார்.

மூன்றாம் நாள் பள்ளி விட்டதும், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திய தேவநாதனைத் தேடிப் போனார். அவர் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நெழல் கிரகணத்துக்குத்தாம்மா. பிறைக்கு நெழலே இல்ல. நிலாவுல எப்பவும் பாதியில வெளிச்சம் இருக்குது. அந்தப் பாதியில நமக்கு எவ்வளவு தெரியுதுங்கறதுதான் பிறை. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவருக்கு அது ஒரு நிமிடத்துப் பேச்சு. வேதநாயகி தெரு முழுக்கக் கணக்குப் பார்த்தபடியே நடந்தார். ஆறு வருஷம். பரிசு. நகல் எடுத்துப் போனவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சரியாகக் கேட்ட பிள்ளையைச் சிரிப்புக்கு நடுவில் உட்காரச் சொன்னது.

ஐந்தாம் நாள் காலை, பள்ளி தொடங்குவதற்கு வெகுமுன்னரே, அவர் கிருஷ்ணகிரி அடிவாரத்துக்கு நடந்தார். கோட்டைச் சுவர் இடிந்து கிடந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. பவுனம்மாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தாள்.

"நில்லு பவுனு. திட்ட வரல. நீ கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அந்தப் பெண் நம்பாமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள். "அதோ பாருங்க டீச்சர்."

தெற்கும் மேற்கும் சேருகிற பக்கம், எதிரே ராஜகிரி மலைக்கு மேலே நல்ல உயரத்தில், பாதி நிலா வெள்ளையாக நின்றது. அன்று தேய்பிறை அஷ்டமி. சூரியன் கிழக்கே பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. வேதநாயகி முதுகில் வெயில் பட நிலாவைப் பார்த்தார். முப்பது வயதுவரை இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்று தோன்றியது. பார்த்திருக்கத்தான் வேண்டும். கண்ணில் பட்டதை யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

"நெழல் இல்லன்னா பின்ன எப்படி டீச்சர் பாதியா இருக்குது?"

தேவநாதன் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை என்பது தெரிந்தது. தனக்கே ஏறவில்லை என்பதும் தெரிந்தது. எந்தப் பாதி வெளிச்சம், எந்தப் பாதி தெரிகிறது?

பவுனம்மாளுக்குப் பேச்சு சலித்துவிட்டது போலும். பாவாடை மடியில் இருந்து ஒரு விளாம்பழத்தை எடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழத்தை நிலாவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "நிலாவ மறைச்சுட்டேன்" என்றாள்.

வேதநாயகி குனிந்து, அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்ட, அவள் பார்த்த திசையிலேயே பார்த்தார். சாம்பல் பூத்த அந்த உருண்டையில் சூரியன் பக்கத்துப் பாதியில் வெயில் விழுந்திருந்தது. மறுபாதி கறுத்திருந்தது. பழத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். பக்கத்தில் நிலா. இரண்டும் ஒரே மாதிரி. அதே பாதி வெளிச்சம், அதே சாய்வு.

"குடு அத" என்று வாங்கினார். கையை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினார். சூரியன் இருந்த பக்கமாகப் பிடித்தபோது பழம் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. அது அமாவாசை. கொஞ்சம் விலக்கியதும் ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது. இன்னும் திரும்பினால் பாதி. சூரியனுக்கு முழு முதுகு காட்டியபோது பழம் மொத்தமும் வெயிலில் மின்னியது. கையைச் சற்றே தாழ்த்தினார். அவருடைய தலையின் நிழல் பழத்தின்மேல் வந்து விழுந்தது.

"பவுனு! இதாண்டி கிரகணம்! இதுக்குத்தான் நெழல்!"

சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு பவுனம்மாள் சுற்றினாள். ஆடுகள் யாருடைய கேழ்வரகுக் கொல்லையிலோ இறங்கிவிட்டிருந்தன. அவற்றை விரட்டி ஒன்றுசேர்ப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அன்று பவுனம்மாள் பள்ளிக்கு வந்தாள். டீச்சர் முதல் வேலையாக நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், "பவுனம்மா கேட்டது சரி. நான் தப்பா நடத்திட்டேன்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

தலைமையாசிரியர் அரங்கநாதன் கெட்டவர் இல்லை. பள்ளிக்குக் கூரை மாற்ற இரண்டு வருஷம் அலைந்து ஓடு போட வைத்தவர். ஆனால் இதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அந்தப் படத்தக் கழட்டணுமா? அம்மா, நாலு வருஷமா மாட்டியிருக்குது. பரிசு குடுத்தவரே இன்னும் பதினஞ்சு நாள்ல ஆய்வுக்கு வர்றாரு. வந்ததும் படத்தத்தான் தேடுவாரு. தப்புன்னு சொன்னா, பரிசு குடுத்த அவர் தப்புன்னு ஆவாதா?"

"ஆவும் சார்."

"அப்புறம்?"

"சுவத்துல இருக்கறத நீங்க பாத்துக்குங்க சார். பிள்ளைங்களுக்கு நான் சொல்றது மாறித்தான் ஆவணும்."

"ஆய்வு முடியட்டுமே."

"ஆய்வு முடியறதுக்குள்ள தேய்பிறை முடிஞ்சுடும் சார்" என்றார் வேதநாயகி.

பதினைந்து நாளும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். காலை மணி அடித்ததும் மைதானத்துக்குப் போவார்கள். ஆளுக்கொரு விளாம்பழம். கிடைக்காதவன் களிமண்ணை உருட்டிக் காயவைத்துக்கொண்டு வந்தான். நாளுக்கு நாள் நிலா மெலிந்து சூரியனை நெருங்கியது. சூரியன் பக்கம் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தினமும் எச்சரித்தார். அமாவாசையைச் சுற்றி மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாலையில் மேற்கே கோடு தெரிந்தது. அடுத்தடுத்த நாள்களில் பள்ளி விடும் முன்பே கிழக்குப் பக்கத்தில் நிலா வந்துவிட்டது. தேதி, நேரம், நிலா நின்ற பக்கம், அதன் வடிவம் எல்லாவற்றையும் பிள்ளைகள் சிலேட்டில் எழுதி, பிறகு நோட்டில் ஏற்றினார்கள். தூரத்து வகுப்புகளில் இருந்து ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் வந்தது மாசி மாதம், வளர்பிறை அஷ்டமி அன்று பிற்பகல். அரங்கநாதன் பயந்தபடியே அவர் முதலில் படத்தைப் பார்த்துப் பெருமையோடு சிரித்துவிட்டுத்தான் ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்தார். முதல் கேள்வியே, "பிறை எப்படி உண்டாகுது? யார் சொல்றீங்க?"

பவுனம்மாள் எழுந்தாள். டீச்சர் தடுக்கவில்லை.

"நிலாவுல ஒரு பாதியில எப்பவும் வெயில் அடிக்குது சார். நாம எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறமோ அதுக்கு ஏத்த மாதிரி தெரியுது. நெழலு கிரகணத்துக்குத்தான்."

ஆய்வாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். அரங்கநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"படத்துல வேற மாதிரி இருக்குதே?"

"அந்தப் படம் தப்பு சார்" என்றார் வேதநாயகி. "வரைஞ்சது நான்தான். இப்ப வெளிய நிலா இருக்குது. ரெண்டு நிமிஷம் வந்தீங்கன்னா காட்டிடறேன்."

ஆய்வாளர் வெளியே வந்தார். அதுவரை சரி. கிழக்கே பாதி நிலா நின்றது. பிள்ளைகள் வரிசையாகப் பழத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். டீச்சர் ஒரு பழத்தை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் விளாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை போலும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதினார். வகுப்பு நேரத்தில் மாணவர்களை வெயிலில் நிறுத்துவது கண்டிக்கத்தக்கது, பரிசு பெற்ற கருவியைப் பயன்படுத்தாமல் இருப்பது வருந்தத்தக்கது. ஜீப் கிளம்பிப் போனது.

"நான் சொன்னேனே" என்று மட்டும் அரங்கநாதன் சொன்னார்.

மறுநாள் மூன்று மணி வகுப்பில் வேதநாயகி பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் வந்தார். மைதானத்தில் வேப்பமரத்துக்கு அப்பால் தலைமையாசிரியர் தனியாக நின்றிருந்தார். வலது கை நேராக நீண்டிருந்தது. கையில் யாரோ விட்டுப்போன களிமண் உருண்டை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.

மணி அடித்த பிறகு அவர் ஐந்தாம் வகுப்பு வாசலுக்கு வந்தார். "இன்னிக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்குது. உருண்டையிலயும் அப்படியே இருக்குது" என்றார். பிறகு, "படத்தக் கழட்டிட்டேன்" என்றார்.

பெரும்பாலானவர்களுக்கு விஷயம் இதோடு முடிந்திருக்கும். வேதநாயகிக்கு முடியவில்லை. அடுத்த வாரம் அவர் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினார். ஐம்பத்தொன்பது ஜூன் முதல் அறுபத்தைந்து ஏப்ரல் வரை, ஆறு வகுப்புகள். நகல் எடுத்துப் போன ஆசிரியர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு முடித்தபின், ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயர்களை எழுதினார். இருநூற்றுப் பதினான்கு.

"இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார் தாண்டவராயன்.

"ஒவ்வொருத்தரையா பாத்துச் சொல்லப் போறேன்."

"இந்தத் தப்பால யாருக்கு இன்னா ஆயிடுச்சு வேதா? நிலா நின்னுபோச்சா?"

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிக்கினு போயிருக்குதுங்க இல்ல? அந்த நம்பிக்கைய நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

தாண்டவராயன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் நல்ல வண்டியாக ஒன்றை எடுத்துத் துடைத்து, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு நிறுத்தினார்.

ஊருக்குள் இருந்தவர்களைப் பார்ப்பது எளிதாக இருந்தது. கடைத்தெருவில் அப்பாவின் மளிகைக் கடையில் நின்றிருந்தான் துரைக்கண்ணு. மூன்றாவது வருஷத்து மாணவன். மீசை அரும்பியிருந்தது. டீச்சர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு நெழலும் ஞாபகம் இல்ல, நிலாவும் ஞாபகம் இல்ல டீச்சர். நீங்க ஸ்கேலால அடிச்சதுதான் ஞாபகம் இருக்குது."

"எதுக்கு அடிச்சேன்?"

"அதுவும் ஞாபகம் இல்ல."

வேதநாயகி தெருவில் இறங்கினார். "வெளிய வா" என்றார். எதிர்க்கடைக் கூரைக்கு மேலே மாலை நிலா இருந்தது. துரைக்கண்ணு கையில் கிடைத்த உருண்டை வெல்லத்தை நீட்டிப் பிடித்தான். வாங்க வந்தவர்களும் வந்து நின்றார்கள். "அட ஆமாம்" என்று ஒரு கிழவர் சொன்னார். அவனுடைய அப்பா வெல்லத்தைத் திரும்பத் தட்டில் வைக்கச் சொல்லிக் கத்தினார்.

இப்படித்தான் பல இடங்களில் நடந்தது. பாதிப் பேருக்கு அவர் சொன்ன தப்பே நினைவில்லை. அதைக் கேட்டுத் தாண்டவராயன் சிரித்தார். வேதநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. மறந்தவர்களுக்கும் புதிதாகச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் நோட்டில் கோடு போட்டார். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவன் காய்ச்சலில், ஒருத்தி பிரசவத்தில். அந்தப் பெயர்களின்மேல் அவர் கோடு போடவில்லை.

மூன்று வருஷம் இந்த அலைச்சல். அறுபத்தொன்பது மாசியில் தொண்டூருக்குப் போனார். இரண்டாவது வருஷத்து மாணவி மீனம்பாள் அங்கே வாக்கப்பட்டிருந்தாள். கொல்லையில் மல்லாட்டைச் செடிகளைப் பிடுங்கி வேர்க்கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். வரப்பில் துணித் தூளியில் கைக்குழந்தை. டீச்சரைப் பார்த்ததும் மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பாடம் நன்றாக நினைவிருந்தது.

"நல்லா ஞாபகம் இருக்குது டீச்சர். இவன் வயித்துல இருக்கச்சே கிரகணம்னு என்ன உள்ளயே வெச்சுப் பூட்டினாங்க. தேய்பிறையில தினமும்தான் நெழல் வுழுது, அப்போ தினமும் கிரகணம்தானே, தினமும் பூட்டுவீங்களான்னு கேட்டேன். எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னேன். மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியல. கதவத் தொறந்து வுட்டுட்டாங்க."

வேதநாயகிக்குச் சங்கடமாகிவிட்டது. இருந்தாலும் சொன்னார். மீனம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ! இத எங்க மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்!"

"கிரகணத்துக்கும் வயித்துப் புள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடி. அது வெறும் நெழல். நீ கதவத் தொறக்கச் சொன்னது சரிதான். சொன்ன காரணம்தான் தப்பு. நான் வேணும்னா மாமியார்கிட்ட வந்து சரியான காரணத்தச் சொல்றேன்."

சொல்லவும் செய்தார். மாமியார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் டீச்சரைச் சாப்பிடாமல் அனுப்பவும் இல்லை.

அங்கேதான் பச்சமுத்துவைப் பற்றித் தெரியவந்தது. முதல் வருஷத்து மாணவன். பயிற்சி முடித்து அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராகப் போகிறானாம். ஜூலையில் வேதநாயகி அங்கே போனார். நிலாவில் மனிதர்கள் இறங்கிவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டு ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த நாள்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. மஞ்சள் சூரியன், நீலப் பூமி, கறுப்பு நிழல், எட்டு நிலாக்கள். நினைவில் இருந்தே வரைந்திருந்தான்.

பச்சமுத்து கால் தொட்டுக் கும்பிட்டான். அவர் வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"நீங்க சொல்லித்தான் டீச்சர் நான் இந்த வேலைக்கே வந்தேன். அந்தப் பாடத்த நீங்க நடத்தினது இன்னும் கண்ணு முன்னால நிக்குது. அது தப்புன்னா? அப்ப சொன்னத நம்பினேன். இப்ப மாத்திச் சொல்றீங்க. நான் எத நம்பறது?"

"என்ன நம்பாத. அப்பவும் நீ என்ன நம்பியிருக்கக் கூடாது. வெளிய வந்து பாரு."

வெளியே வானம் முழுக்க மேகம். ஒரு மணி நேரம் நின்றார்கள். மேகம் கலையவில்லை. பச்சமுத்து மரியாதையோடு பஸ் வரைக்கும் வந்தான். அவன் நம்பவில்லை என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

அடுத்த தேய்பிறை அஷ்டமிக்கு லீவு போட்டுவிட்டு மறுபடியும் போனார். காலை எட்டரைக்கே போய்ச் சேர்ந்தார். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. மேகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுநடுவே நீலம் திறந்து மூடியது. அவன் வகுப்பை முடிக்கும்வரை மரத்தடியில் நின்றார். பத்து மணிக்கு மேகம் விலகி, மேற்கே தாழ்வாகப் பாதி நிலா வெளியே வந்தது. "பச்சமுத்து!" என்று அவர் கூப்பிட்ட குரலுக்குப் பள்ளியே வெளியே வந்துவிட்டது. பையில் இருந்து மண் உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தார். எதுவும் விளக்கவில்லை.

அவன் தூக்கிப் பிடித்தான். பார்த்தான். கையை இறக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பிடித்தான். மேகம் நிலாவை மூடிவிட்டது. அதற்குப் பிறகும் அவன் உருண்டையைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனைச் சுற்றி அவன் மாணவர்கள்.

"இதுங்களுக்கு நான் போன வாரந்தான் நடத்தினேன் டீச்சர்" என்றான்.

"ஒரு வாரந்தானே? எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. போய்ச் சொல்லு."

அவன் பிள்ளைகள் பக்கம் திரும்பினான். "போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன் இல்ல" என்று அவன் தொடங்கியபோது வேதநாயகி பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் அவரைப் பனமலைக்கு மாற்றினார்கள். ஆய்வுக் குறிப்பின் பின்விளைவு என்று சிலர் சொன்னார்கள், வழக்கமான மாறுதல்தான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ரத்துசெய்யச் சொல்லி மனு எழுதலாம் என்று அரங்கநாதன் தாமே எழுதிக்கொண்டு வந்தார். வேதநாயகி கையெழுத்துப் போடவில்லை. ஏரிக்கரைத் தெருவில் ஓர் அறை பிடித்துக்கொண்டார். பவுனம்மாள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். போகும்போது அவளுடைய நைனாவிடம், ஆட்டைக் காரணம் காட்டிப் பெண்ணை நிறுத்தினால் பனமலையில் இருந்து நடந்தே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

முதல் சனிக்கிழமை தாண்டவராயன் சைக்கிளிலேயே பனமலை வந்து சேர்ந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, "அலைஞ்சது போதும் வேதா. இந்த ஊருல கொஞ்ச நாள் சும்மா இரு" என்றார்.

வேதநாயகி சோற்றைப் பரிமாறிவிட்டு நோட்டை எடுத்து வந்தார். "இன்னும் முப்பத்தோரு பேரு இருக்குது. அதுல நாலு பேரு இந்தப் பக்கந்தான் குடியிருக்குறாங்களாம்" என்றார். "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? வண்டியில காத்து இருக்குதா பாருங்க."